பத்தாவது பாஸ் என்றால் எதற்குத் தயார்? ராமநாதபுரம் கடற்கரையை வைத்து ஒரு விளக்கம்

மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் இரண்டு விதமான பேச்சு ஒன்றாகக் கிளம்பும். ஒன்று தேர்ச்சி சதவீதம். 2025-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்ச்சி 95.03, பத்தாம் வகுப்பு 93.80. இன்னொன்று, "பிளஸ் டூ முடிச்சவன் பேங்க் சலானைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறான், அங்க என்னத்தப் படிச்சான்?" என்கிற புலம்பல். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எந்தக் கடற்கரை ஊரில் காது கொடுத்தாலும் இந்த இரண்டாவது பேச்சு கேட்கும். நூற்றுக்கு 95 பேர் பாஸ் ஆகிற இடத்தில் இந்தப் புலம்பல் எப்படி வருகிறது, யாரோ ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பலருக்கும் குழப்பம். யாரும் பொய் சொல்லவில்லை. அடியிலிருந்து பார்த்தால் புரியும்.

தேர்ச்சி எதை அளக்கிறது

பொதுத்தேர்வு, பாடப்புத்தகத்தில் இருப்பதைப் பாடப்புத்தகத்தில் இருக்கிற வடிவத்திலேயே கேட்கும்போது மாணவரால் திருப்பித் தர முடிகிறதா என்று பார்க்கிறது. நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. இது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை, வீட்டிலேயே முதல்முறையாகப் பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிற மாவட்டம் இது. ஆனால் அதே அறிவு வேறு சட்டை போட்டுக்கொண்டு வெளியில் வரும்போது அடையாளம் தெரிகிறதா என்பதை அந்தத் தேர்வு பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம் வெளியிடும் ஏசர் அறிக்கை, 2023-இல் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 28 மாவட்டங்களில் நடத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பெரம்பலூர் மட்டும்தான் அதில் இருந்தது, ராமநாதபுரம் இல்லை, அதனால் கீழே வருகிற எண்களை அப்படியே நம் ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டு நிலவரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடியவில்லை.

2. ஒரு பொருளை ஸ்கேலில் பூஜ்யத்திலிருந்து வைத்து அளக்கச் சொன்னால் சுமார் 85 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அதே பொருளைக் கொஞ்சம் நகர்த்தி, பூஜ்யம் இல்லாத இடத்திலிருந்து வைத்ததும் 39 சதவீதமாக இறங்கிவிட்டது.

3. கழித்தல் கணக்காவது போடத் தெரிந்தவர்களிடம் மட்டும் பணக் கணக்குக் கேட்டார்கள். வரவு செலவுக் கணக்கை 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் போட்டுவிட்டார்கள். கடனைத் திருப்பிக் கட்டுகிற கணக்கைப் போட்டவர்கள் சுமார் 10 சதவீதம்தான்.

இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அளக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். புத்தகத்தில் படம் போட்டிருக்கிற மாதிரியே இருந்தால் தெரியும், இடம் மாறினால் தெரியாது. பெரியவர்கள் வாழ்க்கையில் எந்தக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

18 வயதில் சட்டம் என்ன செய்கிறது

பள்ளி முடிவது பெரும்பாலும் 17 வயதில். 18 நிறைகிற அன்று சட்டத்தின் பார்வையில் பல விஷயங்கள் ஒரே நாளில் மாறுகின்றன, அதை எந்த ஆசிரியரும் வந்து சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பிள்ளை அப்போது எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை.

1. கையெழுத்து. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. இதை 1903-இல் மோகரி பீபி வழக்கில், அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த பிரிவி கவுன்சில் அடித்துச் சொல்லிவிட்டது. 18 நிறைந்தபின் போடுகிற கையெழுத்து, படித்துப் பார்க்காமல் போட்டதாக இருந்தாலும், ஆளைக் கட்டும். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான்.

2. குற்றம். 18-க்குள் என்றால் பொதுவாக இளைஞர் நீதிக் குழுமம். அதற்கு மேல் வழக்கமான கோர்ட், வழக்கமான ஜெயில். நம் கரையில் இதற்குக் கடல் அட்டையை (கடலடியில் கிடக்கிற மெத்தென்ற உயிரினம்) விட நல்ல உதாரணம் கிடையாது. 2001-லிருந்து கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது சட்டத்தைப் பொறுத்தவரை புலி இருக்கிற வரிசையில். பிடித்தாலும் வைத்திருந்தாலும் கடத்தினாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "இந்த மூட்டையை அந்த ஊர் வரைக்கும் பைக்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வா, செலவுக்குக் காசு தாரேன்" என்று சொல்கிறவர் இந்த 3-லிருந்து 7-ஐச் சொல்ல மாட்டார். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் கண்ணுக்கெதிரே இருக்கின்றன, பல்லுயிர்ப் பெருக்கம் பற்றிப் பாடமும் இருக்கிறது, ஆனால் பாடத்துக்கும் மூட்டைக்கும் நடுவில் யாரும் கோடு போட்டுக் காட்டுவதில்லை.

3. ஓட்டு. 17 முடிந்ததுமே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்து வைக்கலாம், 18 நிறைந்ததா என்று பார்க்க ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு.

4. நலவாரியம். மீனவர் நலவாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உறுப்பினராகலாம். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம், பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன. ஆனால் பெயர் பதிவில் இருக்க வேண்டும். கடலுக்குப் போக ஆரம்பித்து எவ்வளவோ நாள் ஆகியும் பதிவே செய்யாதவர்களுக்கு ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் வீட்டில் பேப்பரைத் தேடுவார்கள்.

'பாஸ்' என்பது ஒரு பாதுகாப்பை எடுத்துவிடுகிற இடம்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் சபுராளி (பிழைக்க வெளிநாடு போனவர்) இல்லாத தெரு கிடையாது. மீன்பிடி ஊர்களிலிருந்தும் வளைகுடாவில் மீன்பிடிக்கவும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். இவர்களுக்கான அடிப்படைச் சட்டம் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம். இதில் பாஸ்போர்ட் இரண்டு வகை. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு இசிஆர், அதாவது 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்கிற முத்திரையோடு வருகிற பாஸ்போர்ட் (கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை, அது வேறு ஈசிஆர்). சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட பட்டியல் நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுக்கும் முன் வேலை ஒப்பந்தம் இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, காப்பீடு எடுத்தாயிற்றா என்று பார்க்கிறார்கள். அந்தக் காப்பீடு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், 10 லட்சம் வரை கிடைக்கும்.

பத்தாவது பாஸ் ஆனவருக்கு? இந்த அனுமதி தேவையில்லை. பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இருக்காது, நேரே விமானம் ஏறலாம். ஊரில் இதை ஒரு வசதியாகத்தான் பார்க்கிறார்கள், வசதியும்தான். ஆனால் இதன் அர்த்தம் என்ன என்று யோசித்தால், பத்தாவது முடித்தவர் ஒப்பந்தத்தைத் தானே படித்துக்கொள்வார், ஏமாற்றினால் தானே கண்டுபிடிப்பார் என்று அரசு முடிவு கட்டிவிட்டது. மதிப்பெண் சான்றிதழ் இங்கே ஒரு உத்தரவாதமாக வேலை செய்கிறது. அந்த உத்தரவாதத்தைக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது கண்ணில் காட்டியிருக்கிறார்களா?

பாஸ் ஆனவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை அதிகம் இல்லை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் அதற்கு ரசீது வராது. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால், இறங்கும்போது கையில் வேலைக்கான உரிமை எதுவும் கிடையாது. ஒரு பீரியடில் சொல்லி முடித்துவிடலாம், இரண்டு பீரியட் என்றால் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தும் பார்க்கலாம்.

நூற்றுக்கு மூணு, அப்புறம் தண்டல்

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. வட்டி, கூட்டு வட்டி, லாபம், நட்டம், தள்ளுபடி எல்லாம் அதில் வருகிறது. ஆகவே "பள்ளியில் வட்டிக் கணக்குச் சொல்லித்தருவதில்லை" என்கிற குற்றச்சாட்டு தப்பு. தருகிறார்கள். சிக்கல் அலகில் இருக்கிறது. புத்தகத்தில் வட்டி ஆண்டுக்கு. தெருவில் வட்டி மாதத்துக்கு. "நூத்துக்கு மூணு" என்று சொன்னால் மாதம் மூன்று, ஆண்டுக்கு 36 சதவீதம். புத்தகத்துப் பழக்கத்தில் மூன்று சதவீதம் என்று காதில் விழுந்தால் பேங்க்கை விடக் குறைச்சலாகத் தெரியும்!

தண்டல் இன்னும் ஒரு படி மேலே. 10,000 ரூபாய்த் தண்டல் என்பார்கள், கையில் வருவது 8,500. முதலிலேயே 1,500 பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தினம் 100 ரூபாய், 100 நாள். பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, 15 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்கைப் பிரிப்போம்.

1. வாங்கியது 10,000 இல்லை, 8,500. வட்டி 1,500-ஐ 8,500-க்குப் போட வேண்டும். அதுவே ஏறக்குறைய 17.6 சதவீதம்.

2. காலம் ஒரு வருஷம் இல்லை, 100 நாள்.

3. அந்த 8,500-உம் 100 நாள் முழுக்கக் கையில் இருக்கவில்லை. மறுநாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். சராசரியாகப் பாதிப் பணம்தான் நம்மிடம் இருந்திருக்கிறது.

இந்த மூன்றையும் சேர்த்து நாள்வாரியாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. 2003-இல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, அது தனிக் கதை. சொல்ல வருவது, இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புச் சதவீதக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும். தேர்வில் "அசல், வட்டி வீதம், காலம் தரப்பட்டுள்ளது, தனிவட்டி காண்க" என்று வரும். தண்டல்காரர் வட்டி வீதத்தைத் தர மாட்டார், அதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பழக்காத வரைக்கும் சூத்திரம் தெரிந்து பயனில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இதே கணக்கு குழுக்கடனாக வருகிறது. கல்யாணமாகி ஒன்றிரண்டு ஆண்டில், பாசி எடுக்கப் போகிற வீடாக இருந்தாலும் கருவாடு போடுகிற வீடாக இருந்தாலும், மைக்ரோ பைனான்ஸ் குழுவில் ஒரு கையெழுத்து. அது தன் கடனுக்கு மட்டும் போட்ட கையெழுத்து இல்லை, குழுவில் இன்னொருத்தி கட்டவில்லையென்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்பது பலருக்கு முதல் தவணை தவறுகிற அன்றுதான் தெரிகிறது. தேர்ச்சி சதவீதத்தில் பெண்கள் முன்னே நிற்கிறார்கள் என்று ஆண்டுதோறும் எழுதுகிறோம். அந்த முன்னிலை இந்தக் கையெழுத்து வரைக்கும் வந்து சேர்வதில்லை.

கடலுக்குப் போகிறவர்கள் கணக்கில் இல்லை

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பொதுத்தேர்வு முடிந்து, முடிவு வந்து, பதினொன்றில் சேர்வதா வேண்டாமா என்று வீட்டில் பேசுகிற காலமும் இதுதான். வருமானம் அடங்கிக் கிடக்கிற இரண்டு மாதம். தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும்போது ஆள் தேவைப்படும், பள்ளியும் கிட்டத்தட்ட அதே நாட்களில் திறக்கும். பத்தாவதில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆன பையன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

பள்ளியை விட்டுப் போகிற இவனுக்கு வழிகாட்ட அரசுத் திட்டம் இருக்கிறதா என்றால், அதிகம் பேசப்படுகிறவை மேலே படிக்கிறவர்களுக்கானவை. நான் முதல்வன் (2022) கல்லூரிக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிறது. புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) இரண்டும் மாதம் 1,000 ரூபாய், ஐடிஐ, டிப்ளமா, கல்லூரி என்று மேலே சேர்ந்தால்தான் கிடைக்கும். நல்ல திட்டங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படகில் ஏறியவன் மறுநாளே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறான், அவன் பள்ளியில் கழித்த பத்து ஆண்டும் அவன் போகாத கல்லூரிக்கான தயாரிப்பாகவே நின்றுபோகிறது.

அவனுக்குக் கடல் தெரியும், அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் கற்றுக்கொள்வான். பள்ளி தர வேண்டியது வேறு. ஒரே ஒரு உதாரணம்: அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடத்தில் இருக்கிறது. படகில் இருக்கிற ஜிபிஎஸ் காட்டுவதும் அதே எண்களைத்தான். அட்சக்கோட்டில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். 9 பாகை 20 நிமிடத்திலிருந்து 9 பாகை 25 நிமிடம் போனால் 5 கடல் மைல், ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போயாயிற்று. இலங்கையோடு செய்த 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட கடல் எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் ஓடுகிற ஊரில், தாண்டினால் படகும் போய் ஆளும் சிறைக்குப் போகிற ஊரில், புவியியல் பாடத்தில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கொண்டுவந்து காட்டுவது ஆடம்பரமா? எல்லை தெரியாமல்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள் என்று சொல்லவில்லை, மீன் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் காரணம். ஆனால் தெரிந்து தாண்டுவதற்கும் தெரியாமல் தாண்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஏன் பள்ளியில் இது நடப்பதில்லை

ஆசிரியர்களைத் திட்டுவது எளிது. காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

1. பள்ளியை மதிப்பிடுகிற ஒரே எண் தேர்ச்சி சதவீதம். ஆய்வுக்கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்கிற கேள்வி அது மட்டும்தான். அப்படியிருக்கும்போது 35-ஐத் தொடாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாலை வரை அதே வினாக்களை எழுத வைப்பார்களே தவிர, தண்டல் கணக்கு நடத்த மாட்டார்கள்.

2. ராமநாதபுரம் என்றாலே 'தண்ணியில்லாக் காடு', தண்டனை மாறுதலுக்கான ஊர் என்கிற பழைய பேர். வெளிமாவட்டத்திலிருந்து வருகிற ஆசிரியருக்கு இடமாறுதல் கலந்தாய்வு வந்ததும் சொந்த ஊர் ஞாபகம் வரும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளும் முன்பே போய்விடுகிறவரால் ஊர்க் கணக்கை வகுப்பில் எடுக்க முடியாது. பின்தங்கியவற்றைத் தூக்கிவிட 2018-இல் நிதி ஆயோக் போட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சேர்த்த இரண்டில் இது ஒன்று (மற்றது விருதுநகர்), அந்தப் பட்டியலால் கவனமும் கூட்டங்களும் கூடின. ஆள் தங்குவதற்கு அது போதாது.

3. பதினொன்றாம் வகுப்பு. அந்த ஆண்டுப் பாடத்தை விட்டுவிட்டுப் பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் ஓட்டிய பள்ளிகளைத் தடுக்க 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிடச் சொன்னது. மூச்சுவிட ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. பழைய வழக்கம் திரும்பி வருமா, இல்லை இந்த வருஷத்தில் கொஞ்சமாவது வெளியுலகம் நுழையுமா என்பது ஒவ்வொரு பள்ளியின் கையில்.

"எல்லாத்தையும் பள்ளிக்கூடமே சொல்லிக்குடுக்கணுமா, வீடு எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அப்பா கடலிலோ சவுதியிலோ இருக்கிற வீட்டில், அம்மாவே கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிற வீட்டில், பேப்பர் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கிடைத்துவிடுகிற விஷயங்கள் இவை, மற்றவர்களுக்குப் பள்ளியை விட்டால் வேறு வாசல் இல்லை.

என்ன செய்தால் நகரும்

'வாழ்க்கைத் திறன்' என்று தனிப்பாடம் கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கையில்லை. உலக சுகாதார நிறுவனம் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டிருக்கிறது: முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், பிறர் நிலை உணர்தல் என்று போகும். அதைப் பாடமாக்கினால் "வாழ்க்கைத் திறன்கள் பத்தினையும் எழுதுக" என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், பிள்ளைகளும் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்குவார்கள், அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார்.

இருக்கிற பாடத்திலேயே இடம் இருக்கிறது. வாழ்வியல் கணிதத்தில் ஒரு தண்டல் கணக்கு, தமிழ் வகுப்பில் கடிதம் எழுதுவதற்குப் பதில் ஒரு ஒப்பந்தத்தை வாசித்துக் கேள்வி கேட்பது, புவியியலில் ஜிபிஎஸ், சமூக அறிவியலில் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணும், உதவித்தொகை வருகிற அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கை யாரும் தங்கள் பணத்தைப் போட்டெடுக்க 'வாடகைக்கு' விடக்கூடாது என்பதும். வெளியாள் வேண்டுமென்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. மீன்வளத்துறை ஆய்வாளரையும் பேங்க் மேனேஜரையும் வரச்சொல்லித் தீர்மானம் போட அந்தக் குழுவுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

செலவே இல்லாமல் தொடங்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. பத்தாவது தேர்வுக்கு முன்னால் நாமினல் ரோல் (தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல்) சரிபார்ப்பார்கள், பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியா என்று பிள்ளையிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலும் வரிசையில் நின்று அரை நிமிடத்தில் போட்டுவிட்டுப் போகிற கையெழுத்து அது. பின்னால் பாஸ்போர்ட், நலவாரிய அட்டை, தடைக்கால நிவாரணம் வருகிற பேங்க் கணக்கு எல்லாம் அந்த எழுத்துகளைத்தான் பிடித்துக்கொண்டு வரும். ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரியும் இருந்தால் பிறகு அரசிதழ் வரைக்கும் அலைய வேண்டும். அன்றைக்கு ஒரு பீரியட் ஒதுக்கி, வீட்டிலிருந்து ஆதாரையும் பிறப்புச் சான்றையும் ரேஷன் கார்டையும் கொண்டுவரச் சொல்லி, மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடச் சொன்னால் போதும்.